அழகுக்காகக் கத்தி... அது யார் கையில்?

போன ஐப்பசி. அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். புதுக்கோட்டையில் என் கிளினிக்கை மூடிவிட்டுக் கிளம்பலாம் என்று குடையை எடுத்த நேரத்தில், ஆலங்குடிப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காதை மறைத்து முந்தானையால் முக்காடு போட்டிருந்தார்.

"ஐயா, இதுக்கு ஒரு களிம்பு குடுங்க" என்று முக்காட்டை விலக்கினார். இடது காது மடலின் கீழே நாவல்பழம் அளவுக்கு ஒரு கட்டி. பளபளவென்று கறுத்து, தொட்டால் கல் மாதிரி இருந்தது. வலது காதில் புண் இன்னும் ஆறவில்லை.

"என்னம்மா செஞ்சீங்க?"

"மகளுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கோம். எனக்குக் காது ஓட்டை இழுத்துப் போயி தோடு நிக்க மாட்டேங்குது. சம்பந்தி வீட்டு முன்னாடி வெறுங் காதோட நிக்க முடியுமா? 'ஆபரேஷன் கிடையாது, ஊசி கிடையாது, மருந்து தொட்டு வச்சா பத்து நாள்ல மூடிக்கும்'னு போர்டு போட்டிருந்தாங்க. போனேன்..."

"மருந்து வச்சது யாரு? டாக்டரா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாங்கய்யா" என்றார்.

அந்த பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. வெள்ளைக் கோட்டைத் துணிக்கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் இல்லையா?

"நீங்கள் சித்த வைத்தியர். அழகு ஆபரேஷனைப் பற்றி உங்களுக்கென்ன?" என்று நீங்கள் கேட்பது நியாயம். சொல்கிறேன்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். எங்கள் பாடத்தில் அறுவை மருத்துவமும் உண்டு. பவுத்திரத்துக்குக் காரநூல் கட்டுவது முதல் ரண வைத்தியம் வரை படித்திருக்கிறோம். ஆனால், ஒருவர் மூக்கை நிமிர்த்தவோ, தொப்பைக் கொழுப்பை உறிஞ்சவோ எனக்குப் பயிற்சி கிடையாது. அதனால் நான் அதைத் தொடமாட்டேன். தனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஒரு வைத்தியனுக்கு முதல் பாடம். அந்தப் பாடம் படிக்காதவர்கள் கையில் அகப்பட்டவர்கள்தான், கடைசியில் "ஒரு களிம்பு குடுங்க" என்று என் போன்றவர்களைத் தேடி வருகிறார்கள்.

என் மேலும் ஒரு தப்பு இருக்கிறது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தாமதம்

1998-ம் வருடம். தொழில் ஆரம்பித்த புதிது. மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்துக் கழுத்திலும் மார்பிலும் தீக்காயம் பட்ட எட்டு வயதுப் பெண் குழந்தையை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு என்னிடம் அழைத்து வந்தார்கள். மத்தன் தைலம் போட்டேன். புண் ஆறியது. "கைராசிக்கார டாக்டர்" என்று ஊரே பாராட்டியது. எனக்கும் பெருமைதான்.

ஆனால் புண் ஆறியதே தவிர, கழுத்துத் தோல் நாளுக்கு நாள் இறுகி, முகவாயைக் கீழ்நோக்கி இழுக்க ஆரம்பித்தது. ஆழமான தீக்காயம் தானாக ஆறினால் அப்படித்தான்... தழும்பு சுருங்கிக்கொண்டே போகும். "தைலத்தை விடாமல் தடவுங்கள், சரியாகும்" என்று மாதக்கணக்கில் சொன்னேன். "பிளாஸ்டிக் சர்ஜரி செய்யலாமா?" என்று அந்தத் தகப்பனார் கேட்டபோது, "அதெல்லாம் சினிமாக்காரங்களுக்கு" என்று சிரித்தேனே... அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மூன்று வருடம் கழித்து, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோலை ஒட்டி அறுவை செய்தார்கள். அந்தக் குழந்தை தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தது. உரிய காலத்தில் அனுப்பியிருந்தால் மூன்று வருடம் குனிந்த தலையோடு பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டாம்.

எனவே, பிளாஸ்டிக் சர்ஜரி கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. சரியான ஆளிடம், சரியான இடத்தில், சரியான நேரத்தில் செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

பிளாஸ்டிக் என்றால் குடம் பக்கெட் அல்ல

பலருக்கு ஒரு சந்தேகம். உடம்புக்குள் பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பார்களோ என்று! அப்படி இல்லை. உருவம் கொடுப்பது, வனைவது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. குயவர் களிமண்ணை வனைவதைப் போல, உடம்பின் சதையையும் தோலையும் கொண்டே உருவத்தைச் சீர்செய்வது.

இந்தக் கலைக்கு நம் நாடுதான் தாய்வீடு. அறுந்துபோன மூக்கைக் கன்னத்துச் சதை கொண்டு சீர்செய்யும் முறை சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. பூனா பக்கத்தில், நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்த செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியானது. அதைப் படித்த கார்ப்யூ என்ற ஆங்கில சர்ஜன், வருடக்கணக்கில் ஆராய்ந்து, 1814-ல்தான் தம் முதல் நோயாளி மீது கத்தி வைத்தார். நடுவில் இருபது வருடம்! இன்றைக்கு வார இறுதியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு திங்கட்கிழமை போர்டு மாட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் துறையில் இரண்டு கிளை. ஒன்று, சீரமைப்பு: தீக்காயம், உதட்டுப் பிளவு, விபத்தில் சிதைந்த கை, தொழுநோயால் மடங்கிய விரல். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்க ஆரம்பித்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இன்னொன்று, அழகு அறுவை: மூக்கைத் திருத்துவது, கொழுப்பை உறிஞ்சுவது, முடி நடுவது, காது மடலைத் தைப்பது. முதலாவது நோய்க்காக. இரண்டாவது, நன்றாக இருக்கும் உடம்பில் நாமாக விரும்பிச் செய்துகொள்வது. அவசரம் எதுவும் இல்லாதது. அதனால்தான் அதில் நிதானம் பத்து மடங்கு வேண்டும்.

சென்னையில் நடந்தது

2016 மே மாதம். சென்னை மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படித்த 22 வயது மாணவர், நகரின் நடுவே ஒரு மையத்தில் முடி நடும் சிகிச்சைக்குப் போனார். நடுவிலேயே உடல்நிலை மோசமானது. வேலூருக்குக் கொண்டுபோயும் பலனில்லை. இரண்டே நாளில் உயிர் பிரிந்தது.

பிறகு விசாரணையில் வந்த தகவல்கள்தான் மனதைக் கலக்கின. சம்பந்தப்பட்ட டாக்டர்கள் இரண்டு பேர். ஒருவர் மயக்க மருந்து நிபுணர். இன்னொருவர் எம்.பி.பி.எஸ். அளவில் படித்தவர். இருவரில் யாருமே சர்ஜன் அல்ல. மயக்க மருந்து கொடுத்தவர் பாதியிலேயே கிளம்பிப் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அந்த இடத்துக்கு இருந்த உரிமம் சலூனுக்கானது என்றும் தெரிய வந்தது. தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் நடவடிக்கை எடுத்தது. போன உயிர்?

யோசித்துப் பாருங்கள். ஒரு மருத்துவ மாணவரே, "செய்யப் போவது யார், படிப்பு என்ன?" என்ற கேள்வியில் ஏமாந்திருக்கிறார் என்றால், நீங்களும் நானும் எம்மாத்திரம்?

2022 மே மாதம் பெங்களூரில், கன்னட டி.வி. நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பிறகு இறந்தார். 21 வயது. அந்தப் பெண் பெற்றோரிடம்கூடச் சொல்லாமல் போயிருந்தார். 2025-ல் கான்பூரில், முடி நட்டுக்கொண்ட இரண்டு பொறியாளர்கள் இறந்த விவகாரத்தில், ஒரு பல் டாக்டர் மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்தது.

தொந்தரவு எங்கிருந்து வருகிறது? மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்துக்கு, உடம்பு எடைக்கு இவ்வளவுதான் என்று கணக்கு உண்டு. தலையில் நூற்றுக்கணக்கான இடத்தில் குத்தும்போது அந்தக் கணக்கு தப்பினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பு தடுமாறும். கொழுப்பை உறிஞ்சும்போது கொழுப்புத் துணுக்கு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம். ரத்தத்தோடு நீரும் போவதால் ரத்த அழுத்தம் சரியலாம். மொத்தமாக 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சினாலே அதைப் பெரிய அறுவையாகத்தான் கணக்கில் எடுப்பார்கள். இவையெல்லாம் அபூர்வம்தான். ஆனால் வந்தால், அந்த ஐந்து நிமிடத்தில் சமாளிக்கத் தெரிந்த ஆளும் கருவியும் அந்த அறையிலேயே இருக்க வேண்டும்.

என் மருமகனின் தலை

என் தங்கை மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். முப்பது வயதுக்குள் முன்தலை ஏறிவிட்டது. பெண் பார்க்கும் நேரம். ஒரு பெரிய நகரத்தில் முடி நடும் மையத்தில் பத்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டு, "மாமா, நீங்க கூட வந்தீங்கன்னா அம்மா சம்மதிப்பாங்க" என்றான். போனேன்.

ஏ.சி. அறை. கண்ணாடி மேஜை. சுவர் முழுக்க, முடி கொட்டிய தலையும் அதே தலை சுருள்முடியோடும். முதலில் வந்து பேசியது டாக்டர் அல்ல, டை கட்டிய ஓர் இளைஞர். "இந்த மாதத்துக்குள் செய்தால் நாற்பது சதவிகிதம் தள்ளுபடி சார்" என்றார். ஜவுளிக்கடையா இது!

"யார் செய்வாங்க தம்பி?"

"எங்க டீம் சார்."

"டீம்ல கத்தி பிடிக்கிறவர் பெயர்?"

ஒரு பெயர் சொன்னார். "பதிவு எண்?" என்றேன். முகம் மாறியது. உள்ளே போய் வந்து ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார். அங்கேயே என் மருமகன் செல்போனில் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் தேடினான். அந்த எண் வேறு யாரோ ஒருவருடையது!

எழுந்து வந்துவிட்டோம். பத்தாயிரம் போனது. "போனால் போகட்டும், தலை இருக்கிறதே" என்றேன். பஸ்ஸில் வரும்போது கோபமாகத்தான் இருந்தான். ஊர் வந்ததும், "மாமா, நம்ம குடுமியான்மலையிலே சாமிக்கே முடி வந்துச்சாமே, எனக்கு வராதா?" என்று கேட்டானே பார்க்கலாம்! ராஜாவிடம் பொய் சொன்ன குருக்களைக் காப்பாற்ற, சிவபெருமான் குடுமியோடு காட்சி கொடுத்த ஊர் அல்லவா அது? "அது பொய் சொன்னவனைக் காப்பாத்த வந்த குடுமிடா. உனக்குப் பொய் சொன்னவனைக் காப்பாத்த சாமி வரமாட்டார்" என்றேன். சிரித்துவிட்டான்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். முகத்தைக் கொடுக்கும்போது கேள்வி கேட்கக் கூச்சம் எதற்கு? இதோ...

1. படிப்பு என்ன?

எம்.பி.பி.எஸ். என்பது நாலரை வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும். அதன் மேல் எம்.எஸ். பொது அறுவை மூன்று வருடம். அதற்கும் மேல் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி மூன்று வருடம். ஆக, பதினோரு வருடத்துக்கு மேல். எம்.சிஎச்.சுக்கு இணையாக டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி பட்டமும் உண்டு. மூக்கு, மார்பகம், வயிறு, கொழுப்பு நீக்கம் என்றால் இந்தப் பட்டத்தைத் தேடுங்கள்.

முடி நடுவதற்கும் தோல் சிகிச்சைக்கும் தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. படித்து, அதில் பயிற்சியும் பெற்றவர் போதும். தாடை எலும்பு என்றால் முகத்தாடை அறுவையில் எம்.டி.எஸ். படித்த பல் மருத்துவர். கண் இமை என்றால் அதில் தேர்ந்த கண் டாக்டர். அவரவர் துறையில் அவரவர் ராஜா.

"காஸ்மெடிக் ஸ்பெஷலிஸ்ட்", "காஸ்மெட்டாலஜி டிப்ளமா", "இன்டர்நேஷனல் ஃபெலோஷிப்" என்று சுவரில் பத்து சர்டிபிகேட் தொங்கலாம். அடிப்படைப் பட்டம் இல்லாமல் இவை மட்டும் இருந்தால், அது சட்டை இல்லாமல் டை கட்டியது போலத்தான்! 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது: பயிலரங்கிலோ யூட்யூபிலோ பார்த்துவிட்டு வருவது இந்த அறுவைகளுக்குப் போதுமான பயிற்சி ஆகாது.

நம் புதுக்கோட்டை மண்ணில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண் என்பதாலேயே எத்தனை தடைகளைத் தாண்டி 1912-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்! அப்படி வியர்வை சிந்தி வாங்க வேண்டிய பட்டத்தை, ஃபிரேம் கடையில் வாங்கி மாட்டுகிறவர்களை விடலாமா?

2. பதிவு எண் என்ன?

அலோபதி டாக்டர் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். பல் டாக்டர் என்றால் பல் மருத்துவ கவுன்சில். எங்களைப் போன்றவர்களுக்குத் தமிழ்நாடு சித்த மருத்துவ கவுன்சில். டாக்டர்கள் தங்கள் பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அதை வாங்கிக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார்கள். பெயர் பொருந்துகிறதா, மேற்படிப்பும் பதிவாகியிருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். இதற்காகக் கோபப்படும் டாக்டரிடம் போகாதீர்கள். நேர்மையானவர் சந்தோஷமாகக் கொடுப்பார்.

3. ஆரம்பம் முதல் கடைசி வரை நீங்கள்தான் செய்வீர்களா?

ஆலோசனைக்கு ஒரு பெரிய டாக்டர், ஆபரேஷன் மேஜையில் வேறு ஆள் என்பது நடக்கிறது. முடி நடுவதில், உதவியாளர்களே முழு வேலையும் செய்துவிட்டுப் போகிற இடங்களும் உண்டு. ஒப்புதல் பத்திரத்தில் சர்ஜனின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

4. மயக்க மருந்து கொடுப்பது யார்?

பெயரைக் கேளுங்கள். "ஆபரேஷன் முடிந்து நான் கண் விழிக்கும் வரை கூடவே இருப்பாரா?" என்றும் கேளுங்கள். 2016-ல் நடந்தது ஞாபகம் இருக்கட்டும்.

5. இடம் எப்படி?

தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரி, கிளினிக்குகளை முறைப்படுத்த 1997-ல் ஒரு சட்டம் வந்தது. 2018-ல் அதற்கு விதிகள் வந்தன. அதன்படி பெற்ற பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில், அதாவது நாம் சொல்லும் ஜே.டி. ஆபீஸில் விசாரிக்கலாம். ஆக்சிஜன், இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி, அவசரத்துக்கு ஐ.சி.யூ. இருக்கிறதா? இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடத்தில் கொண்டு போவார்கள்? பியூட்டி பார்லர் மாடியில், ஓட்டல் அறையில், வீட்டில் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

6. என்ன தப்பாகலாம்?

"ஒன்றுமே ஆகாது, நூறு சதவிகிதம் கியாரண்டி" என்று சொல்பவரை நம்பாதீர்கள். நல்ல சர்ஜன் முதலில் தொந்தரவுகளைச் சொல்வார், பிறகுதான் பலனைச் சொல்வார். சில சமயம், "உங்களுக்கு இது தேவையில்லை" என்று திருப்பி அனுப்புவார். அவரைக் கையெடுத்துக் கும்பிடுங்கள்! நடிகை போட்டோவைக் கொண்டுபோய், "இந்த மூக்கு வேண்டும்" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, கத்தியைவிட ஆறுதலான பேச்சுதான் முதலில் தேவை.

7. மொத்தச் செலவு எவ்வளவு?

எழுத்தில் வாங்குங்கள். அழகுக்காகச் செய்வதற்கு ஜி.எஸ்.டி. உண்டு. பிறவிக் குறை, விபத்து, காயம் இவற்றைச் சீர்செய்வதற்கு விலக்கு உண்டு. அழகு ஆபரேஷனுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் பொதுவாகக் கிடைக்காது. தீக்காயத் தழும்புச் சுருக்கம், உதட்டுப் பிளவு போன்றவை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். தள்ளுபடிக்கு மயங்காதீர்கள். டாக்டர்கள் விளம்பரம் செய்து நோயாளியை இழுப்பதே மருத்துவ நெறிக்கு விரோதம்.

நீங்கள் மறைக்கக் கூடாதவை

கேள்வி கேட்பது ஒரு பக்கம். நீங்கள் உண்மை சொல்வது மறுபக்கம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, மருந்து அலர்ஜி எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்களா? சொல்லுங்கள். சிகரெட், புகையிலை, வெற்றிலையோடு போடும் ஜர்தா உட்பட, சொல்லுங்கள். புகையிலை ரத்த ஓட்டத்தைக் குறைத்து, தைத்த தோலைக் கருகச் செய்யும்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். "சித்த மருந்துதானே, பக்க விளைவு கிடையாது" என்று சர்ஜனிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தப்பு! பூண்டு, இஞ்சி, மஞ்சள் இவற்றைச் சமையலில் சேர்ப்பது வேறு, மாத்திரையாக தினமும் விழுங்குவது வேறு. அப்படி எடுத்தால் ரத்தம் உறைவது தாமதப்படலாம். அமுக்கரா சூரணம் மயக்க மருந்தின் தூக்கத்தைக் கூட்டலாம். லேகியமோ பற்பமோ எதுவானாலும் டப்பாவோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். எங்களிடமும் ஒரு வார்த்தை கேட்டு நிறுத்துங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இன்னொன்று. காது குத்திய இடத்திலோ, தடுப்பூசி போட்ட தோளிலோ, தழும்பு புடைத்து வளரும் உடல்வாகு உங்களுக்கோ உங்கள் அப்பத்தா, அம்மாவுக்கோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நம் போன்ற மாநிறத் தோலுக்கு இந்தத் தொந்தரவு அதிகம். ஆலங்குடி அம்மாவுக்கு வந்ததும் அதுதான். காதை ஒட்ட வைக்கிறோம் என்று தொட்டு வைத்த அமிலம் தோலைச் சுட்டு, அந்தச் சூட்டுப்புண் கெலாய்டு என்ற கட்டியாக வளர்ந்துவிட்டது. முறைப்படி படித்த சர்ஜன் இதையெல்லாம் முதலிலேயே விசாரித்திருப்பார். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஓட்டையின் ஓரத்தைச் சீவி, நாலு தையல் போடும் சின்ன வேலைதான் அது!

ஆபரேஷன் முடிந்த பிறகு

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், கடுங்காய்ச்சல், நிற்காத ரத்தம், சம்பந்தமில்லாத உளறல்... இதில் ஒன்று இருந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் மாவட்டத்திலேயே 2017-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. "வெளியே தெரிந்தால் அசிங்கம்" என்று மறைத்துப் படுத்திருப்பதுதான் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் ஒருவருக்காவது தெரியாமல் இந்த சிகிச்சைக்குப் போகவே போகாதீர்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே அடிக்கப் பாயாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் தனியாகப் போகிறார்கள். "சரி, யார் டாக்டர்? வா, நானும் வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஏமாற்றப்பட்டால், பில், மருந்துச் சீட்டு, ஒப்புதல் பத்திரத்தின் நகல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். டாக்டர் மீது மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். 1995-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. படிக்காமல் வைத்தியம் செய்பவர் என்றால் போலீசுக்கும் ஜே.டி. ஆபீசுக்கும் எழுதுங்கள்.

ஆலங்குடி அம்மா என்ன ஆனார் என்கிறீர்களா? நான் களிம்பு கொடுக்கவில்லை. மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். "அவ்வளவு தூரமாய்யா?" என்று தயங்கினார். 1998-ல் நான் சிரித்த கதையை அவரிடமும் சொன்னேன். மறுவாரமே போனார். வலது காதுப் புண் சீக்கிரம் ஆறிவிட்டது. இடது காதுக் கட்டிக்குள் மாதம் ஒருமுறை ஊசி. சுருங்கிய பிறகுதான் அறுத்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். திரும்ப வளராமல் இருக்கத் தொடர்ந்து கவனிக்க வேண்டுமாம். பொறுமையாகப் போய் வருகிறார்.

தை மாதம் கல்யாணப் பத்திரிகை வந்தது. போயிருந்தேன். காதில் தோடில்லாமல், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு வாசலில் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். "சம்பந்தியம்மா கேட்டாங்கய்யா. உள்ளதைச் சொல்லிட்டேன். அவங்களும் காது தைக்கணுமாம். மதுரை டாக்டர் பேரைக் கேட்டு எழுதிக்கிட்டாங்க" என்றார்.

"பேரோட பதிவு எண்ணையும் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"குடுத்தேன்யா, குடுத்தேன்!" என்றார்.